மலைச் சரிவில் ஓர் அரியணை: செர்க்சிஸின் தோல்வியும் அதை நாடகமாகப் பார்த்த நகரமும்

கி.மு. 472, இளவேனில் காலம். ஏதென்ஸில் மதுக் கடவுள் டயோனிசஸின் திருவிழா. அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் மக்கள் நாடகம் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, எட்டு ஆண்டுகளுக்கு முன் பாரசீகர் கொளுத்திய கோயில்கள் கரி படிந்த இடிபாடுகளாகவே கிடக்கின்றன. ஆனால் நாடகத்தின் களம் ஏதென்ஸ் அல்ல, எதிரியின் தலைநகரமான சூசா. போருக்குப் போன படையைப் பற்றித் தகவல் இல்லாமல் முதியவர்கள் கலங்கி நிற்கிறார்கள். அரசனின் தாய் கெட்ட கனவு கண்டு எழுந்து வருகிறாள். தூதன் ஓடி வந்து எல்லாம் போயிற்று என்கிறான். கடைசியில் பேரரசன் செர்க்சிஸ், கிழிந்த ஆடையோடு வந்து அழுகிறான்.

ஈஸ்கிலஸ் எழுதிய 'பாரசீகர்' அது. முழுமையாக நம் கைக்கு வந்திருக்கும் கிரேக்க நாடகங்களில் மிகப் பழையது. அந்த ஆண்டு முதல் பரிசும் அதற்குத்தான். எழுதியவர் பாரசீகரை எதிர்த்து மாரத்தான் போர்க்களத்தில் நின்றவர். அவருடைய சகோதரர் அந்தப் போரில்தான் இறந்தார். செர்க்சிஸ் தோற்ற சாலமிஸ் கடற்போரிலும் ஈஸ்கிலஸ் இருந்தார் என்று பழைய குறிப்பு உண்டு. அப்படிப்பட்டவர் தன் ஊரை எரித்தவனின் தாயை அழவைத்து, அந்த அழுகையைத் தன் ஊர்க்காரர்களையே உட்கார்ந்து பார்க்கச் செய்தார். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது மலைப்பாகவே இருக்கிறது.

செர்க்சிஸ் ஏன் தோற்றான் என்று கேட்டால் பள்ளிப் பாடம் முதல் திரைப்படம் வரை வரும் பதில் ஒன்றுதான்: செருக்கு. பதில் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அது பாதிதான். செருக்குப் பிடித்தவன் பிறர் சொல் கேட்கமாட்டான் என்று நினைக்கிறோம். செர்க்சிஸ் கேட்டான். இடித்துச் சொல்ல அவனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். சிலரை மனதாரப் பாராட்டவும் செய்தான். அப்படியும் ஒவ்வொரு முறையும் அவர்கள் சொன்னதற்கு நேர் எதிராகவே போனான். இந்த ஆய்வில் நான் பின்தொடர விரும்புவது அந்த விசித்திரத்தைத்தான்.

வாரிசாக வந்த வேலை

செர்க்சிஸின் தந்தை டேரியஸ் அனுப்பிய படை கி.மு. 490-இல் மாரத்தானில் தோற்றது. மறுபடி படை திரட்டும்போதே, 486-இல், டேரியஸ் இறந்துபோனார். செர்க்சிஸ் அவருடைய மூத்த மகன் அல்லன். பேரரசை நிறுவிய சைரஸின் மகள் அட்டோசாவின் வயிற்றில் பிறந்தவன் என்பதே அவனுக்குப் பெரிய பலம். அதுவே பெரிய சுமையும். பாட்டன் ஒரு பேரரசை உருவாக்கினார். தந்தை அதைச் சிந்து நதி வரை விரித்தார். பேரன் என்ன செய்யப்போகிறான்?

இந்தப் படையெடுப்பைப் பாரசீகர் எழுதிவைத்த வரலாறு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. நம்மிடம் இருக்கும் முக்கியமான சான்று ஹெரோடோட்டஸ். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து எழுதியவர், அதுவும் கிரேக்கர். அரசவைப் பேச்சுகளை அவர் தம் கற்பனையில் அமைத்திருப்பார் என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் அந்த அவையின் அழுத்தத்தை அவர் காட்டும் விதம் நம்பும்படியாக இருக்கிறது.

எகிப்தில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிவிட்டுச் செர்க்சிஸ் அவையைக் கூட்டுகிறான். நாம் ஆட்சிக்கு வந்த நாள் முதல் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்ததில்லை என்று தொடங்குகிறான். மைத்துனன் மார்டோனியஸ் உற்சாகமாக ஆமோதிக்கிறான். கிரேக்கத்துக்கு ஆளுநராக வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. சித்தப்பா அர்டபானஸ் மட்டும் எழுந்து, வேண்டாம் என்கிறார். உயரமான மரத்தின் மேல்தான் இடி விழும் என்பது அவர் வாதம். அரசனுக்குக் கோபம் வருகிறது. நீர் பெண்களோடு இங்கேயே கிடவும் என்று சீறுகிறான்.

அப்புறம் நடப்பதுதான் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம். இரவில் தனியாக யோசித்த செர்க்சிஸ், சித்தப்பா சொன்னதே சரி என்று முடிவெடுக்கிறான். மறுநாள் அவையில், நேற்று நான் இளமைத் துடிப்பில் பேசிவிட்டேன், படையெடுப்பு இல்லை என்று அறிவிக்கவும் செய்கிறான். பாரசீகப் பெருமக்கள் மகிழ்ந்து விழுந்து வணங்குகிறார்கள். போர் வேண்டாம் என்று சொல்லத் துணியாமல் முந்தைய நாள் வாயடைத்து நின்ற அதே மனிதர்கள்தான்.

பிறகு கனவு வருகிறது. நீ போகாவிட்டால், எவ்வளவு விரைவில் உயர்ந்தாயோ அவ்வளவு விரைவில் தாழ்வாய் என்று ஓர் உருவம் மிரட்டுகிறது. செர்க்சிஸ் நடுங்கிப்போய் அர்டபானஸை அழைத்துத் தன் உடையைப் போட்டுக்கொண்டு, தன் அரியணையில் அமர்ந்து, தன் கட்டிலில் படுக்கச் சொல்கிறான். அவருக்கும் அதே கனவு. விழித்ததும் அவரும் போருக்குச் சம்மதிக்கிறார்.

கனவு உண்மையா என்பது இங்கே முக்கியமில்லை. அந்த உடையும் கட்டிலும்தான் முக்கியம். அறிவாளியான கிழவர் ஒருவர் அரச உடையை மாட்டிக்கொண்டு அரசன் கட்டிலில் படுத்ததும் அரசனைப் போலவே முடிவெடுக்கிறார். அந்த இடத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் அந்தக் கனவுதான் வரும் என்று ஹெரோடோட்டஸ் சொல்ல நினைத்தாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

கடலுக்கு விழுந்த சவுக்கடி

ஆயத்தம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. கி.மு. 492-இல் ஒரு பாரசீகக் கடற்படை ஏதோஸ் மலைமுனையைச் சுற்றும்போது புயலில் நொறுங்கியிருந்தது. அதனால் அந்தத் தீபகற்பத்தின் கழுத்தையே, சுமார் 2 கி.மீ. தூரம், வெட்டிக் கால்வாய் எடுத்தார்கள். மூன்று ஆண்டு வேலை. வீண் ஆடம்பரம் என்கிறார் ஹெரோடோட்டஸ். முந்தைய விபத்தை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால்வாயின் தடம் நிலத்தடியில் இருப்பதை இக்கால ஆய்வாளர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள்.

ஆசியாவையும் ஐரோப்பாவையும் பிரிக்கும் ஹெலஸ்பாண்ட் நீரிணையில் கட்டிய முதல் பாலம் புயலில் பிய்ந்துபோனது. அதற்குத்தான் அந்தப் புகழ்பெற்ற தண்டனை: கடலுக்கு 300 சவுக்கடி, ஒரு ஜோடி விலங்கு. பொறுப்பாளர்களுக்கு மரணம். கதையாக எல்லோரும் சவுக்கடியையே பேசுகிறோம். அடுத்துக் கட்டிய பாலங்களை மறந்துவிடுகிறோம். ஒரு வரிசையில் 360 கப்பல்கள், இன்னொன்றில் 314. சணல் போன்ற ஆளி நாரிலும் பாப்பிரஸிலும் முறுக்கிய வடங்கள். மேலே பலகை, அதன் மேல் மண், குதிரைகள் கடலைப் பார்த்து மிரளாமல் இருக்க இருபுறமும் தட்டி. ஏழு பகல், ஏழு இரவு படை கடந்துகொண்டே இருந்ததாம். இதைச் செய்தது பைத்தியக்கார அரசு அல்ல. அந்தக் காலத்தில் உலகிலேயே திறமையான நிர்வாகம்.

அந்தப் படையில் இந்தியர்களும் இருந்தார்கள். பருத்தி உடை, மூங்கில் போன்ற பிரம்பில் செய்த வில், இரும்பு முனை வைத்த அம்பு என்று அவர்களை ஹெரோடோட்டஸ் வருணிக்கிறார். மொத்தப் படைக்கு அவர் தரும் 17 லட்சம் காலாட்கள் என்ற கணக்கை இன்று யாரும் ஏற்பதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் அக்காலத்துக்கு மிகப் பெரிய படைதான். வழியில் இருந்த ஊர்கள் சோறுபோட்டே ஓட்டாண்டியாயின. தாசோஸ் தீவு ஒரு வேளை விருந்துக்கு 400 டாலண்ட் (ஒரு டாலண்ட் சுமார் 26 கிலோ) வெள்ளி செலவழித்தது. அரசனுக்கு நாளைக்கு இரண்டு வேளை உண்ணும் பழக்கம் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றான் அப்டெரா ஊர்க்காரன் ஒருவன்.

அபிடோஸ் கரையில் வெள்ளைக்கல் ஆசனத்தில் அமர்ந்து, நீரிணை நிறைந்த கப்பல்களையும் கரை நிறைந்த வீரர்களையும் பார்த்த செர்க்சிஸ் முதலில் பூரித்தான், பிறகு அழுதான். இத்தனை பேரில் ஒருவர்கூட நூறாண்டுக்குப் பின் இருக்கமாட்டாரே என்றான். அருகில் இருந்த அர்டபானஸ் இரண்டாம் முறையாக எச்சரித்தார்: உனக்கு இரண்டு பெரிய பகைவர்கள், ஒன்று நிலம், மற்றொன்று கடல். புயல் வந்தால் இத்தனை கப்பலுக்கும் இடம் தரும் துறைமுகம் எங்கும் இல்லை. போகப் போக நிலம் இந்தப் படைக்குச் சோறுபோடாது.

துல்லியமான கணிப்பு. செர்க்சிஸ் அதை மறுக்கவும் இல்லை. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால் எதையும் செய்ய முடியாது, எனக்கு முன்னிருந்த அரசர்கள் அப்படி எண்ணியிருந்தால் இந்தப் பேரரசே இருந்திருக்காது என்றான். சித்தப்பாவை மரியாதையோடு சூசாவுக்குத் திருப்பி அனுப்பிவைத்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லிடியா நாட்டுப் பணக்காரக் கிழவர் பித்தியஸ், தன் ஐந்து மகன்களில் மூத்தவனை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டார். செர்க்சிஸ் அந்த மகனை இரண்டாக வெட்டச் செய்து, பாதையின் இருபுறமும் கிடத்தி, நடுவே படையை நடத்திச் சென்றான். படைகளுக்காகக் கண்ணீர் விட்ட அதே மனிதன்தான்.

பார்வையின் விலை

480-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தவற்றை விரைவாகக் கடக்கிறேன். மக்னீசியா கரையோரப் புயலில் 400 கப்பல் போயிற்று என்கிறார் ஹெரோடோட்டஸ். யூபியா தீவைச் சுற்றப் போன 200 கப்பலும் மீளவில்லை. அர்டபானஸ் சொன்ன துறைமுகம் இல்லாத குறைதான். தெர்மோபிலே கணவாயில் லியோனிடஸ் தலைமையில் ஸ்பார்ட்டரும் தெஸ்பியரும் நின்று மடிந்தார்கள். ஏதென்ஸ் மக்கள் ஊரைக் காலிசெய்தார்கள். அக்ரோபோலிஸ் எரிந்தது. செர்க்சிஸ் வந்த காரியம் முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

கிரேக்கக் கப்பல்கள் சாலமிஸ் தீவுக்கும் கரைக்கும் நடுவே ஒடுங்கி நின்றன. போரிடலாமா என்று செர்க்சிஸ் தன் கடற்படைத் தலைவர்களைக் கேட்டான். எல்லோரும் ஆம் என்றார்கள். ஹாலிகார்னாசஸின் அரசி அர்டெமிசியா மட்டும் வேண்டாம் என்றாள். ஏதென்ஸ் உன் கையில், காத்திரு, அவர்களுக்குச் சோறு இல்லை, தானாகப் பிரிந்து ஊருக்குப் போவார்கள், அவசரப்பட்டுக் கடலில் தோற்றால் தரைப்படையும் சேர்ந்து கெடும் என்றாள். அவளுக்குத் தலை போகும் என்று வேண்டியவர்கள் பயந்தார்கள், பொறாமைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். செர்க்சிஸோ அவள்மேல் முன்னைவிட மதிப்புக் கொண்டான். பிறகு பெரும்பான்மையோர் சொன்னபடி போருக்கு உத்தரவிட்டான்.

அதற்கு அவன் மனதில் இருந்த காரணம்தான் இந்த நிகழ்வின் உயிர்நாடி என்று கருதுகிறேன். முந்தைய மோதல்களில் தன் ஆட்கள் சரியாகப் போரிடாததற்குத் தான் அங்கே இல்லாததே காரணம் என்று நம்பினான். இந்த முறை நேரில் பார்க்கப்போகிறான். ஐகாலியோஸ் மலைச் சரிவில் அவனுக்கு இருக்கை போட்டார்கள். யார் வீரமாகப் போரிட்டாலும் அந்தத் தலைவன் பெயர், தந்தை பெயர், ஊர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள எழுத்தர்கள் அருகில் இருந்தார்கள்.

அன்று விடிவதற்கு முன்பே ஏமாற்று நடந்துவிட்டது. ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் தன் பணியாள் சிக்கினஸை ரகசியமாக அனுப்பி, கிரேக்கர் இரவோடு இரவாக ஓடப்போகிறார்கள் என்று சொல்லவைத்தார். பாரசீகத் துடுப்புக்காரர்கள் இரவெல்லாம் தூங்காமல் காவல் சுற்றினார்கள். காலையில் இடுக்கான நீருக்குள் நுழைந்தார்கள். முன்வரிசை அடிபட்டுத் திரும்பியது. பின்வரிசைக் கப்பல்களோ அரசன் கண்ணில் படவேண்டும் என்று முன்னே பாய்ந்தன. தங்கள் கப்பலோடு தங்கள் கப்பலே மோதியது. ஒவ்வொருவனும் அரசன் தன்னைத்தான் பார்க்கிறான் என்று நினைத்தான் என்று எழுதுகிறார் ஹெரோடோட்டஸ். நீச்சல் தெரியாமல் மூழ்கியவர்களே பலர். செர்க்சிஸின் சகோதரன் அரியாபிக்னிஸும் இறந்தான்.

நடுப்போரில், பாரசீகக் கடற்படையைச் சேர்ந்த சில பினீசியத் தலைவர்கள் மலையேறி வந்து, அதே படையில் இருந்த அயோனியர்கள் (பாரசீகத்துக்கு அடங்கிய கிரேக்கர்கள்) துரோகம் செய்ததாக முறையிட்டார்கள். அதே நேரம் கீழே ஓர் அயோனியக் கப்பல் வீரம் காட்டுவது அரசன் கண்ணில் பட்டது. முறையிட்டவர்களின் தலைகள் அங்கேயே உருண்டன. உயிர் பிழைக்க என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதை இப்படித்தான் ஓர் அவை கற்றுக்கொள்கிறது. அன்று கேள்விக்கு ஆம் என்று சொன்ன தலைவர்கள் எல்லாம் முட்டாள்கள் அல்லர்.

சூசாவில் விழுந்த குரல்

இனி ஈஸ்கிலஸிடம் வருவோம். நாடகத்தில் ஒரே ஒரு கிரேக்கனின் பெயர்கூட இல்லை. தெமிஸ்டோக்ளிஸ் இல்லை, தந்திரச் செய்தி கொண்டுவந்தவன் வெறுமனே ஒரு கிரேக்கன். ஆனால் மாண்ட பாரசீகரின் பெயர்கள் வரிவரியாக ஒப்பாரி போல வருகின்றன. சிக்கிய வீரர்களை உடைந்த துடுப்புகளால் சூரை மீனை அடிப்பதுபோல அடித்தார்கள் என்கிறான் தூதன். வென்றவர்கள் செய்த வேலை அது. அதைச் செய்த கைகள் பார்வையாளர் வரிசையில் இருந்தன.

செர்க்சிஸின் தாயான ராணி, ஏதென்ஸ் எங்கே இருக்கிறது, அவர்களுக்கு எஜமான் யார் என்று கேட்கிறாள். யாருக்கும் அடிமைகள் அல்லர் என்று பதில் வருகிறது. அங்கே பார்வையாளர்கள் பூரித்திருப்பார்கள். ஆனால் சற்று முன் அவள் வேறொன்றையும் சொல்லியிருக்கிறாள்: என் மகன் வென்றால் புகழ், தோற்றாலும் அவன் நகரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் அல்லன், உயிரோடு திரும்பினால் அவனே அரசன். ஏதென்ஸில் ஒவ்வொரு பதவிக்காரனும் பதவி முடிந்ததும் மக்கள் முன் கணக்குக் காட்ட வேண்டும். மாரத்தானை வென்ற மில்டியாடிஸ்கூட மறு ஆண்டே தோல்வி ஒன்றுக்காக 50 டாலண்ட் அபராதம் விதிக்கப்பட்டு அவமானத்தில் இறந்தார். ஆகவே அந்த ஒரு வரி அவர்கள் காதில் எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஈஸ்கிலஸ் தொட்ட நரம்பு அதுதான். பாலம் கட்டிக் கடலுக்கு நுகம் பூட்டிய பாவத்தைவிட இதுவே ஆழமானது என்பது என் எண்ணம். எச்சரிக்கையைக் கேட்டு, பாராட்டி, ஒதுக்கிவைக்க ஒருவனால் முடிகிறது என்றால், ஒதுக்கியதற்கு அவன் யாரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான்.

டேரியஸின் ஆவி கல்லறையிலிருந்து எழுந்து மகனைக் கண்டிக்கிறது. செருக்கு பூத்தால் கேடு காய்க்கும், அறுவடை கண்ணீர்தான் என்கிறது. வினை விதைத்தவன் கதைதான். இந்த இடத்தில் ஈஸ்கிலஸ் தெரிந்தே வரலாற்றை மாற்றுகிறார். போஸ்பரஸ் நீரிணைக்குப் பாலம் போட்டு ஐரோப்பாவுக்குள் போனவரே டேரியஸ்தான். மாரத்தானுக்குப் படை அனுப்பியவரும் அவரே. நாடகத்தில் அவர் நிதானமான, குறையற்ற அரசர். மகனின் சரிவு தெரிய ஓர் உயரம் தேவைப்பட்டது. நாடகமாக அது சரி. வரலாறாகப் பார்த்தால், தந்தையிடமிருந்து வந்த நோயைத் தனி மகனின் குறையாக்கிவிடுகிறது.

ஆவி ராணியிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறது: மகன் கந்தலோடு வருகிறான், நல்ல உடை எடுத்துக்கொண்டு எதிரே போ. அவள் உடை எடுக்கப் போகிறாள். திரும்ப வருவதே இல்லை. செர்க்சிஸ் கந்தலோடு வந்து கந்தலோடே அழுது முடிக்கிறான்.

நாடகம் முடிந்த பிறகு

மேடையில் பேரரசு சரிந்தது, நிலத்தில் சரியவில்லை. 479-இல் பிளாட்டியாவில் மார்டோனியஸ் கொல்லப்பட்டான், மிக்காலேயில் மிச்சக் கப்பல்கள் எரிந்தன, ஈஜியன் கடற்கரை கைநழுவியது. அவ்வளவுதான். செர்க்சிஸ் பெர்சிபோலிஸில் மாபெரும் வாயில்களும் மண்டபங்களும் கட்டிக்கொண்டு 465 வரை ஆண்டான். அந்த ஆண்டு அவனைக் கொன்றது கிரேக்கர் அல்லர், மெய்க்காவல் தலைவன். அவன் பெயரும் அர்டபானஸ், ஆள் வேறு. பேரரசு மேலும் 135 ஆண்டு நின்றது. ஏதென்ஸை எரித்தவன் அரண்மனையில் முதிர்ந்தான். ஏதென்ஸைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளிஸோ சொந்த ஊரால் விரட்டப்பட்டு, செர்க்சிஸின் மகனிடமே அடைக்கலம் புகுந்தார்.

அந்த 472-ஆம் ஆண்டு நாடகத்துக்குப் பணம் கொடுத்துப் பாடகர் குழுவை ஏற்பாடு செய்த செல்வரின் பெயர் பதிவாகியிருக்கிறது. பெரிக்ளிஸ். அப்போது அவருக்கு இருபது வயதைத் தாண்டி ஒரு சில ஆண்டுகள்தான். அவர் தலைவராக வளர்ந்த காலத்தில்தான் ஏதென்ஸ் தானே பேரரசாயிற்று. பாரசீகரை எதிர்க்கச் சேர்ந்த கூட்டணியின் பொதுக் கருவூலம் 454-இல் ஏதென்ஸுக்கு வந்தது. விலக நினைத்த நகரங்கள் நொறுக்கப்பட்டன. கப்பப் பணத்தில் அக்ரோபோலிஸ் மீண்டும் எழுந்தது. பெரிக்ளிஸ் கட்டிய இசை மண்டபத்தின் கூரை செர்க்சிஸின் கூடாரத்தைப் பார்த்துச் செய்தது என்றுகூடப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார்.

416-இல் மிலோஸ் தீவு முற்றுகையிடப்பட்டது. அடங்க மறுத்த அந்த ஊரின் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். மறு ஆண்டு சிசிலித் தீவின் மேல் படையெடுப்பு. மக்கள் மன்றத்தில் நிசியாஸ் என்ற தளபதி எழுந்து வேண்டாம் என்றார். பயமுறுத்தினால் பின்வாங்குவார்கள் என்று எண்ணி, மிகப் பெரிய படை வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மன்றம் அவரைப் பாராட்டி, அவர் கேட்ட பெரிய படையை அப்படியே கொடுத்தது. மனதுக்குள் எதிர்த்தவர்கள், ஊருக்கு விரோதி என்று பெயர் வருமே என்று கையைத் தூக்காமல் சும்மா இருந்தார்கள். சூசாவின் அவையும் ஏதென்ஸின் மன்றமும் இவ்வளவு ஒத்துப்போவதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. பதவிக்காரன் கணக்குச் சொல்ல வேண்டும். மன்றம் யாரிடம் கணக்குச் சொல்லும்?

ஏதென்ஸின் 100 பெரிய போர்க்கப்பல்கள் தங்கக் கிண்ணங்களிலும் வெள்ளிக் கிண்ணங்களிலும் மது வார்த்து வழிபட்டுவிட்டுப் பிரேயஸ் துறையிலிருந்து புறப்பட்டன. வழியில் கூட்டணிக் கப்பல்களும் சேர்ந்து 134 ஆயின. பின்னால் இன்னும் 73 போயின. 413-இல் சிசிலியின் சிராகூஸ் துறைமுகத்தின் உள்ளே, இடம் போதாமல், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அந்தக் கடற்படை அழிந்தது. பிடிபட்ட 7,000 பேர் கல் வெட்டி எடுக்கும் குழிகளில் அடைக்கப்பட்டார்கள். அதே சிசிலித் தீவில்தான் முன்பு, சிராகூஸ் மன்னன் ஹியரோன் கேட்டுக்கொண்டதால் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்' நாடகத்தை மறுபடி நடத்தினார் என்கிறது அவருடைய பழைய வாழ்க்கைக் குறிப்பு.

தோல்விச் செய்தி ஏதென்ஸுக்கு வந்த விதத்தைப் புளூட்டார்க் சொல்கிறார். பிரேயஸ் துறையில் ஒரு முடிதிருத்தும் கடையில் வெளியூர்க்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்து, ஊருக்கே தெரிந்த விஷயம் போல அதைப் பேசினான். கடைக்காரர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நகரத்துக்கு ஓடினார். சந்தைவெளியில் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கலகம் மூட்டும் பொய்யன் என்று அவரைச் சக்கரத்தில் கட்டி வதைத்தார்கள். உண்மையான தூதர்கள் வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லும் வரை அவர் சக்கரத்திலேயே கிடந்தார். அப்புறம் மக்களின் கோபம், படையெடுப்பைத் தூண்டிய பேச்சாளர்கள் மேல் திரும்பியது. தாங்களே வாக்களிக்காததுபோல, என்று எழுதுகிறார் அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ்.